அச்சில் தடவிய எண்ணெய்

மாவை அழுத்தித் தகடாக்குவது என் வேலையாக இருந்தது. வெள்ளை மாவு. கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளி அரைக்கிற ஆலைகள் உண்டு. அதனால் புதிதாக வருகிறவர்கள் கிழங்கு மாவு என்று நினைப்பார்கள். அது ஜியோலைட், ஆராய்ச்சிக்கு வாங்குகிற ஒரு கனிம மாவு. நாக்கில் வைத்தால் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். ருசி ஒன்றும் இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. அதில் வேதியியல் ஆராய்ச்சிக்கூடம். அந்தக் கட்டடம் எழும்பும்போது கலவை சுமக்க மலையிலிருந்து இறங்கி வந்தவன் நான். கட்டடம் முடிந்ததும் மற்ற ஆட்கள் அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். என்னைக் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார்கள். எனக்குத் திரும்பிப் போகிற அவசரம் இல்லை. மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் என் வீடு. பூட்டிக் கிடந்தது.

பெருக்கினேன். பிறகு கண்ணாடிச் சாமான் கழுவச் சொன்னார்கள். பிறகு மாவு அரைக்கச் சொன்னார்கள். கடைசியில் தகடு.

தகடு தேவைப்பட்டது ஒரு பெண்ணுக்கு. ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. அந்த வீட்டில் பத்தாவது தாண்டியது இவள் ஒருத்திதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்து நாலு வருஷம் போயிருந்தது. ஐந்தாவது வருஷம் கடைசி. அதற்குள் முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. என்னை அண்ணா என்பாள். நான் பாப்பா என்பேன்.

ஆடி மாதம் ஒரு நாள் அவள் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"கச்சா எண்ணெய்ல பெரிய பெரிய சங்கிலி இருக்கும்ண்ணா. இந்த மாவு அத ஒடைக்கும். ஒடைச்சாதான் பெட்ரோலு. ஆனா ஒடைக்க ஒடைக்க மாவு மேல கரி புடிச்சிக்கும். கரி புடிச்சா வேலை செய்யாது."

"அடுப்புல சட்டி கரி புடிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா கரி எங்க மொதல்ல உக்காருது, எப்ப உக்காருதுன்னு யாரும் கண்ணால பாக்க முடியாது. இந்த மெஷினு பாக்கும்."

மெஷின் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் ஓர் ஒளி ஓடும். அகச்சிவப்பு என்றாள். கண்ணுக்குத் தெரியாது. அடுப்புப் பக்கத்தில் நின்றால் முகத்தில் படுகிற சூடு அதுதான் என்றாள். அந்த ஒளி தகட்டைத் துளைத்துக்கொண்டு வரும்போது, தகட்டில் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த அளவை எடுத்துக்கொள்ளும். எடுத்த இடத்தில் திரையில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்துக்கு எண் உண்டு.

எனக்குப் பஸ் நம்பர் மாதிரி அந்த எண்கள் மனசில் நின்றுவிட்டன. மூவாயிரத்து அறுநூற்றுப் பத்தில் ஒரு பள்ளம். மாவுக்குள் வேலை செய்கிற இடம் அது. புளிப்பான இடம் என்பாள். கரி வந்து உட்கார உட்கார அந்தப் பள்ளம் தூர்ந்துபோகும். ஆயிரத்து அறுநூறுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று விழும். அதுதான் கரி. மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்தில் இன்னொன்று. அது அப்படியே இருக்கும்.

"அது இன்னா, அசையவே மாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"அது வெளிப்பக்கம் தனியா நிக்கிறதுண்ணா. யாரோடயும் சேராது. அதனால கரியும் அத ஒண்ணும் பண்றதில்ல."

நான் அதற்குப் பிறகு திரையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இருக்கும்.

தகடு போடுவது லேசான வேலை இல்லை. மாவை வழவழப்பான கல் உரலில் அரைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட தராசில் ஒரு சிட்டிகை நிறுக்க வேண்டும். உருக்கு அச்சில் கொட்டிச் சமமாகப் பரப்பி, மேல் கட்டையை வைத்து, பிரஸ்ஸில் ஏற்றிக் கைப்பிடியை அடிக்க வேண்டும். அழுத்தம் காட்டுகிற முள் ஏறும். அப்படியே கொஞ்ச நேரம் விட்டு இறக்கி, அச்சைப் பிரித்தால் தகடு. சட்டைப் பொத்தான் அகலம். வெங்காயச் சருகு கனம். ஒளி உள்ளே போய் வெளியே வர வேண்டுமே, அதனால் அவ்வளவு மெல்லிசு. ஒட்டுவதற்கு வேறு எதுவும் கலக்கக் கூடாது. மாவு மட்டும்தான்.

அச்சிலிருந்து எடுக்கும்போது உடையும். ஒரு பக்கம் உருக்கோடு ஒட்டிக்கொள்ளும், மறு பக்கம் வரும். பத்து போட்டால் இரண்டு தேறும். சில நாள் ஒன்றும் தேறாது.

"இன்னாண்ணா, இன்னிக்கும் போச்சா?"

"போச்சு."

தேறின நாளில் அவள் தகட்டை இடுக்கியில் பிடித்து வெறும் தகடாக ஒரு முறை சூடாக்கிப் பார்ப்பாள். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூட்டுக்குள் நானூறு டிகிரி. அதில் ஈரம் போகும். திரையில் புளிப்புப் பள்ளம் ஆழமாக விழும். கரிப் பள்ளம் இருக்காது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் ஆவியைக் கூட்டுக்குள் விட்டுக் கரியை வளர்ப்பாள். வெறும் தகடு சுத்தமாக இருந்தால்தான் பிறகு வருகிற கரிக்குக் கணக்கு. ஆடி, ஆவணியில் தேறின சில தகடுகள் சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் அவை போதாது. நிறைய வேண்டும். ஒரு முறை செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டுமாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கூட்டின் இரண்டு பக்கமும் உப்புக்கல்லில் செய்த ஜன்னல். ஈரம் பட்டால் மங்கிவிடும். அதைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் குண்டுகள் போட்ட ஜாடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அன்று அச்சைத் துடைக்கும்போது அதன் ஓரத்தில் ஒரு புள்ளி பார்த்தேன். துரு.

எங்கள் ஊரில் இரும்பை உலர்ந்தபடி எடுத்து வைக்க மாட்டோம். கொடுவாள், களைக்கொத்து, உளி எதுவானாலும் சாயங்காலம் விளக்கெண்ணெய் தொட்டுத் துணியால் ஒரு தடவு. பிறகுதான் கூரை இறவாணத்தில் செருகுவோம். மழைக்காலத்தில் மலையில் எல்லாம் ஈரம். தடவாத வாளைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தால்கூடத் திட்டுவான். விளக்கெண்ணெய் குப்பி என் பையில் எப்போதும் இருக்கும். பிசுக்கு எடுக்கிற அசிட்டோன் திரவத்தில் சாமான் கழுவிக் கழுவி விரல் வெடிக்கும், அதற்குப் போட. எங்கள் ஆமணக்கில் மனைவி காய்ச்சிய எண்ணெய் ஒரு தகர டின்னில் மீதி இருந்தது. அதிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தது.

அச்சுக்குத் தடவினேன். துணியில் சுற்றி வைத்தேன். காலையில் துணியாலேயே துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்று இருந்தது.

அன்றைக்கு எட்டுத் தகடு போட்டேன். எட்டும் முழுசாக வந்தன.

அவள் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்புடிண்ணா?"

"கை பழகிடுச்சி போல."

அதுதான் நான் சொன்னது. எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேனா என்று இப்போது யோசித்தால், நினைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒருவர் என்னைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"உங்க கைக்கு ஒடையவே மாட்டேங்குதுண்ணா" என்றாள். போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னாள். ஐயாவிடமும் சொன்னாள். ஐயா என்றால் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர். அவர் என் தோளில் தட்டினார். கல்லூரிக் காவல்காரருக்கு விஷயம் போய்விட்டது. அவர் சின்னசேலத்துக்காரர். வாயை மூட மாட்டார்.

"இன்னா மலைக்காரரே, இன்னிக்கு எத்தினி அப்பளம்?"

"ஒம்பது."

"ஒம்பது அப்பளம் போட்டும் ஒரு ஆளு சாப்பிட ஆவாது. எங்க வூட்டாண்ட வந்து ரெண்டு சுட்டுக் குடு. ஒனக்குச் சோறு போட்டு அனுப்பறேன்."

"கூப்புடு, வரேன்."

கூப்பிடவில்லை. அவர் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவார். ஆனாலும் நான் கேட்டைத் தாண்டும்போது அவர் ஏதாவது சொல்கிறாரா என்று நிற்பேன். என் அறையில் பேச்சு கிடையாது. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு சுவர்.

அச்சு அடுத்த நாள் பிற்பகலில் மறுபடி ஒட்டத் தொடங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. கை இல்லை, எண்ணெய். அதற்குப் பிறகு மூன்று தகட்டுக்கு ஒரு தரம் குப்பியின் மூடியை விரல் நுனியால் தொட்டு, அச்சின் முகத்தில் ஓட்டி, துணியால் துடைத்துவிடுவேன். அவள் மெஷின் பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் செய்வேன். ஏன் மறைத்தேன்? சொன்னால் கைக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்.

ஐப்பசி முழுக்க ஆயிரத்து அறுநூறுக்குப் பக்கத்தில் லேசாக விழுந்ததை அவள் மழை ஈரம் என்று விட்டிருந்தாள். கார்த்திகையில் அவள் திரைக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இங்க வாங்க. இதப் பாருங்க."

பார்த்தேன். வெறும் தகடு. எண்ணெய் ஆவி இன்னும் விடவில்லை. ஆயிரத்து அறுநூறில் ஒரு சின்னப் பள்ளம். மூவாயிரத்து அறுநூற்றுப் பத்து பாதியாகத் தூர்ந்திருந்தது. மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து அப்படியே இருந்தது.

"கரி" என்றேன்.

"ஒண்ணுமே வுடலியே. எங்கேர்ந்துண்ணா வரும்?"

கூட்டைத் திறந்து தகட்டை எடுத்தாள். வெள்ளையாக இல்லை. லேசாகப் பழுத்த மாதிரி ஒரு மஞ்சள்.

அவள் அந்த மாவு மேல் சந்தேகப்பட்டாள். புதுப் பொட்டலத்து மாவு. மாவைத் தயாரிக்கும்போது போட்ட ஏதோ உள்ளேயே தங்கிவிட்டது என்றாள். உலையில் வைத்து ஒரு நாள் முழுக்க எரித்தோம். மறுபடி தகடு போட்டேன். மறுபடி கரி. ஆடியில் மிஞ்சிய பழைய மாவைத் தேடிப் பிடித்தாள். அதிலும் கரி. பிறகு காற்று உறிஞ்சுகிற பம்ப் மேல் சந்தேகம். பம்ப்பில் எண்ணெய் இருக்கும், அது ஆவியாகப் பின்னால் வரும் என்றாள். பம்ப்பைப் பிரித்துக் கழுவினேன். கையெல்லாம் கறுப்பு. புது எண்ணெய் ஊற்றினோம். கரி.

ஆக்சிஜன் விட்டுச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற அழுக்கு எரிந்துபோகும் என்றாள். அந்த சிலிண்டர் எங்கள் கூடத்தில் இல்லை. கேட்டு எழுதினாள். வரவில்லை.

எனக்குத் தெரியாதா என்றால், மார்கழி வரைக்கும் நிஜமாகத் தெரியாது. கண்ணுக்கே தெரியாத எண்ணெய் இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவில்லை. கொடுவாளில் தடவினால் கொடுவாளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மார்கழியில் ஐயா வந்தார். படங்களைப் புரட்டினார்.

"என்னம்மா இது? வெறும் தகட்டுல கரி வந்தா, அப்புறம் வர கரிக்கு என்ன அர்த்தம்? இத யார்கிட்டக் காட்டுறது?"

அவள் படங்களைத் திரும்ப அடுக்கினாள்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்ட. மாத்தாதது நீதான். தலையில எண்ணெய் வழிய வழிய வர. அந்தக் கையால எல்லாத்தையும் தொடுற. மாசி முடியறதுக்குள்ள வெறும் தகடு சுத்தமா வரணும். இல்லன்னா தலைப்ப மாத்திக்க. மாத்தினா உனக்கு வருசம் இல்ல, அதுவும் தெரியும்ல?"

நான் தொட்டியில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

மறுநாள் அவள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்தாள். சீயக்காய் போட்டு அலசின முடி, சணல் மாதிரி நின்றது. துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பவுடர் பூசவில்லை. இரண்டு கையிலும் ரப்பர் உறை. தினமும் அப்படித்தான் வந்தாள். ஒரு நாள், காலையில் அவள் தலையைப் பார்த்துவிட்ட அம்மா போனில் திட்டுவது வெளியே கேட்டது. போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் அவள் வேலை செய்வாள்.

"தலையா அது? எண்ணெ இல்லாம காஞ்சிக்கினு கெடக்குது. வூட்டுல செத்தவங்க இருக்காங்களா, இன்னாடி?"

"படிப்புக்குத்தாம்மா."

"எந்தப் படிப்புடி எண்ணெ வெக்காதன்னு சொல்லுது?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரத்தில்தான் அவள் சூடாக்குவதற்கு முன்னாலேயே ஒரு முறை தகட்டை மெஷினில் வைத்தாள். எப்போதும் சூடாக்கின பிறகுதான் வைப்பாள். இது யோசித்துச் செய்தது இல்லை, வேறு வழி இல்லாமல் செய்தது. ஈரத்தால் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தின் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பல். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து.

"இது இன்னா பாப்பா?"

"இந்த ரெண்டு பல்லு எண்ணெய்க்கு வரும்ண்ணா. கொழுப்பு, மெழுகு, எதுக்கும் வரும். சூடாக்கறதுக்கு முன்னாடியே தகட்டுல எண்ணெ இருக்குது. சூடு பட்டதும் இந்த மாவே அத ஒடைச்சிக் கரியாக்கிடுது."

அவள் தன் கையுறையைப் பார்த்தாள். நான் என் விரலைப் பார்த்தேன்.

பிறகு மாவை மட்டும் தனியாக, அச்சில் போடாமல், வேறு விதமாகப் பார்த்தாள். பல் இல்லை. சுத்தம்.

"மாவுல இல்ல. தகட்டுல இருக்குது. நடுவுல..." என்று நிறுத்தினாள். "அண்ணா, அச்சுல ஏதாச்சும் போடுறீங்களா?"

"அசிட்டோன்ல தொடைக்கிறேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் நம்பினாள். உடனே நம்பினாள். "அப்ப என் கைதான்" என்றாள். அன்றிலிருந்து தராசுப் பக்கம்கூட வருவதில்லை. "நீங்களே நிறுங்கண்ணா, நீங்களே போடுங்க. நான் தொடலை" என்றாள். அதாவது எல்லாவற்றையும் என் கையில் விட்டாள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை. எனக்குப் போக இடம் இருந்தது, போனேன். கச்சிராயபாளையம் வழியாக பஸ். கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம். பஸ்ஸில் கரும்புக் கட்டு, புதுப் பானை, ஆட்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்தேன். கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. உள்ளே தூசி. பெருக்கினேன், எனக்குத் தெரிந்த வேலைதானே. இறவாணத்தில் கொடுவாள் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷம் ஆகியும் துரு இல்லை. நான் தடவி வைத்தது அப்படியே பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மூன்று வருஷம். துணியால் துடைத்தேன். இன்னும் இருந்தது. மண் போட்டுத் தேய்த்தேன். மண்ணும் ஒட்டியது.

அப்போதுதான் சரியாகப் புரிந்தது. துடைத்தால் போகாது.

தகர டின்னைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் எண்ணெய், அதைக் குப்பியில் ஊற்றிக்கொண்டேன். பொங்கல் வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு பொங்கல்? கேழ்வரகுக் களி கிண்டினேன், சாப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் பறை அடித்தார்கள். ஒருவர் வந்து கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். போகவில்லை. இரண்டாம் நாளே கீழே இறங்கிவிட்டேன்.

கல்லூரி காலியாக இருந்தது. காவல்காரர் மட்டும் வாசலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மலைக்காரரே, பொங்கலுக்குக்கூட வூட்டுல வெச்சிக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"வேலை இருக்குது."

"லீவுல இன்னாய்யா வேலை?"

"அப்பளம்."

அச்சை அசிட்டோனில் ஊற வைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி அசிட்டோன். கடைசியில் வெந்நீர். கையையும் அப்படியே கழுவினேன். தோல் வெடித்து எரிந்தது. எண்ணெய் போடவில்லை. அவளுடைய பெட்டியிலிருந்து உறை எடுத்து மாட்டிக்கொண்டேன். தகடு போட்டேன். உடைந்தது. போட்டேன். உடைந்தது. பதினொன்று உடைந்தன. பன்னிரண்டாவது வந்தது. ஓரத்தில் ஒரு கீறல், ஆனால் முழுசு.

அதற்குப் பிறகு குப்பியை எடுத்து, விரல் நுனியில் தொட்டு, எப்போதும் போலத் தடவி, எப்போதும் போலத் துடைத்து, ஒன்று போட்டேன். அழகாக வந்தது.

இரண்டையும் இரண்டு காகிதத்தில் மடித்தேன். ஒன்றின் மேல் "எண்ணெய் இல்லை" என்று எழுதினேன். மற்றதன் மேல் "விளக்கெண்ணெய்" என்று எழுதினேன். என் எழுத்து கோணலாக இருக்கும். அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஈரம் புகாத ஜாடியில் வைத்து, ஜாடியை அவள் மேசையில் வைத்தேன். பக்கத்தில் குப்பியையும் வைத்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் இப்படி.

விடுமுறை முடிந்து அவள் வந்தபோது நான் வெளியே குழாயடியில் இருந்தேன். உள்ளே போகவில்லை. ஒரு தகட்டைச் சூடாக்கி, ஆற வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தகட்டுக்கும் சேர்த்து அன்று முழு நாள். மதியம் அவள் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் கூப்பிட்டாள்.

திரையில் இரண்டு கோடு, ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றில் மூவாயிரத்து அறுநூற்றுப் பத்து கிணறு மாதிரி ஆழம். ஆயிரத்து அறுநூறில் தட்டை. மற்றதில் வழக்கமான கரி.

"எத்தினி நாளாண்ணா?"

"ஐப்பசிலேர்ந்து."

"எல்லாத் தகடும்?"

"எல்லாம்."

அவள் நோட்டை எடுத்தாள். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஸ்கேல் வைத்துப் போட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு பக்கம்.

"நான் கேட்டப்ப ஏண்ணா சொல்லல?"

பதில் இருந்தது. என் கைக்கு உடையவே மாட்டேங்குது என்றாயே, அதனால். அதைச் சொல்ல முடியவில்லை.

"தப்புதான்" என்றேன்.

"ஒரு மாசமா தலை காஞ்சிக்கினு திரியறேன்" என்றாள். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் என்ன செய்வது. மெஷினை அணைக்க வேண்டிய நேரம், அணைத்தேன். ஜன்னல் உப்புக்கல்லைக் கழற்றி ஜாடியில் வைத்தேன். மேசையிலிருந்த குப்பியைத் திரும்ப என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐயாவிடம் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். நானே அவளோடு போனேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "தெரியாம தடவினது சரி. கேட்டப்புறம் மறைச்சது?" என்றார். அவர் அவளிடம் திரும்பி, "அன்னைக்கு உன் தலைய சொன்னேன்" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

என்னை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எடுத்து ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. கிடங்கு கீழ்த்தளத்தில் இருந்தது. பாட்டில் வரும், அடுக்க வேண்டும். கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வருவார்கள். சில நாள் யாரும் இல்லை.

கிடங்குக்கு நேர் மேலே கூடம். பிரஸ்ஸின் கைப்பிடி அடிக்கிற சத்தம் தரை வழியாகக் கேட்கும். அவளே தகடு போட்டாள். சத்தம் வரும். நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சத்தம் வரும். உடனே வந்தால் போனது உடைந்தது என்று அர்த்தம். ரொம்ப நேரம் சத்தம் இல்லாவிட்டால் தேறியது. நான் எண்ணிக்கொண்டிருப்பேன். மாசியில் ஒரு நாள் பதினேழு. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஆறு, ஐந்து. வெறும் கையாலேயே அவளுக்கு வந்துவிட்டது. என் கைக்கு வராதது.

மாசி முடிவதற்குள் வெறும் தகடு சுத்தமாக வந்ததா? வந்தது. காவல்காரர் சொன்னார். "ஒன் பாப்பா சிரிச்சிக்கினு போச்சு இன்னிக்கு. தலையில எண்ணெ, பூவு எல்லாம்."

சித்திரையில் ஒரு நாள் அசிட்டோன் வாங்க அவளே இறங்கி வந்தாள். வேறு யாரையாவது அனுப்புவாள், அன்று அவளே வந்தாள். பாட்டிலை நீட்டினேன். வாங்கும்போது விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு விரல் நுனியும் வெடித்து, இரண்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"உறை போடலியா?"

"உறை போட்டா தகடு கைக்குத் தெரியறதில்லண்ணா."

அவள் போகவில்லை. அடுக்கில் இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த எண்ணெ இன்னும் இருக்குதாண்ணா?"

பையிலிருந்து குப்பியை எடுத்தேன். பாதி இருந்தது. டின்னில் இருந்ததை எல்லாம் அதில்தான் ஊற்றியிருந்தேன். அவ்வளவுதான் மிச்சம். முழுசாகக் கொடுத்தேன்.

"வேலை முடிச்சிட்டு வூட்டுக்குப் போய் போடு" என்றேன். "காலையில சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவாம உள்ள போவாத."

"யாரு சொல்றது பாரு" என்றாள்.

சிரித்துக்கொண்டே படி ஏறினாள். அதுதான் கடைசியாக அவள் என்னோடு பேசியது.

ஆனியில் அவள் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் அன்று விடுப்பில் இருந்தேன், காய்ச்சல். மறுநாள் வந்தபோது கிடங்குக் கதவுக்குப் பக்கத்தில், மேசை மேல், குப்பி இருந்தது. காலி. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாசனை எத்தனை கழுவினாலும் போகாது. ஆனால் அந்தக் குப்பியில் ஒரு வாசனையும் இல்லை. அசிட்டோனில் கழுவி, காய வைத்து, துடைத்து வைத்திருந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு படலம்கூட இல்லை.

மேலே பிரஸ் சத்தம் கேட்கவில்லை. அடுத்த மாணவர் இன்னும் வரவில்லை.